மன்னாருக்குப் போகிற மூட்டை

கேள்வி: டிட்வா புயலில் பாதிக்கப்பட்ட, இலங்கையின் மன்னார் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு உதவ எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முடிவெடுத்து, அன்பியம் (பங்கின் குடும்பக் குழு) வாரியாக அரிசி, துணிமணி, பால்மாவு, மருந்து எல்லாம் சேர்த்து வருகிறோம். ஒவ்வொரு மூட்டையிலும் பங்கின் பெயர் போட்ட ஸ்டிக்கரும் ஒரு ஜெபப் புத்தகமும் வைக்க யோசனை. ஆனால், 'நம்ம படகைப் பிடிச்சு, பிள்ளைகளை ஜெயில்ல போடுற நாட்டுக்கு எதுக்கு அரிசி?' என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். நாங்கள் செய்வது சரிதானா?
— வாசகர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: அனுப்புவது சரி. மூட்டைதான் சரியில்லை.

முதலில் ஊர்க்காரர்களின் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். புருஷன் யாழ்ப்பாணச் சிறையில் கிடக்க, வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் படகைப் பிடித்தது இலங்கைக் கடற்படை. 2025 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் தீவுக்குள் நுழைந்து 600 உயிர்களுக்கு மேல் கொண்டுபோனபோது, வீட்டையும் மாட்டையும் வெள்ளத்தில் விட்டுவிட்டு நின்றது வேறு சனம். அவர்களில் பலருக்கு இந்தக் கரையில் சொந்தம் இருக்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் நம் பக்கத்தில் முழந்தாளிட்டு நிற்கிறவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே கடலோரத்தில் சற்றுத் தெற்கே இருக்கிற நம் பாக் நீரிணைக் கரையில் அப்படி ஒரு அடி விழவில்லை. இலங்கை குறுக்கே கிடந்து அந்த அலையை வாங்கிக்கொண்டது. அங்கே 30,000 பேருக்கு மேல் போனார்கள். 'அவனுக்கு எதுக்கு' என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, மூட்டைக்கு வருவோம்.

2005 ஜனவரியில் நாகை மாவட்டத்துக் கடலோரச் சாலை ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் துணி. நிவாரணம் என்று லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. மழையில் நனைந்து, சகதியில் மிதிபட்டு, ஆடு படுத்துக் கிடந்தது அதன்மேல். ஒரு பாட்டி அந்தக் குவியலிலிருந்து கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை இழுத்து எடுத்தார். ஒரு கையில் முழங்கை ஓட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தார். கொத்தாகப் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற ஊர் அது. அந்தப் பாட்டியின் முகத்தை இருபது வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: பழந்துணியை இன்றைக்கே நிறுத்துங்கள். துவைத்து மடித்ததானாலும் வேண்டாம்.

கைக்குழந்தைக்கான பால்மாவும் வேண்டாம். கிணறெல்லாம் வெள்ளம் புகுந்து கெட்டுக் கிடக்கிற ஊரில், அந்தத் தண்ணீரில் மாவைக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்குதான் வரும். பேரிடர் சமயத்தில் இதைத் தானமாக அனுப்பாதீர்கள் என்று யூனிசெஃப் பல காலமாகச் சொல்லி வருகிறது. மருந்தும் அப்படித்தான். போய்ச் சேரும்போது இன்னும் ஒரு வருஷமாவது காலாவதித் தேதி பாக்கி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைச் சேர்த்து அனுப்புவது உதவியாகாது. அங்கே இருக்கிற டாக்டருக்குத்தான் கூடுதல் வேலை.

அப்புறம் அரிசி. 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். முப்பது கிலோமீட்டர் சுமார்தான். இன்றைக்கு உங்கள் அரிசி மூட்டை லாரியேறித் தூத்துக்குடி போய், கப்பலேறிக் கொழும்பு போய், சுங்கத்தில் காத்துக் கிடந்து, அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் மறுபடி வடக்கே வர வேண்டும். அரிசி விலையைவிடக் கூலி கூடிப்போகும். 'நம்ம வல்லத்துலயே ஏத்திக் கொண்டுபோய் இறக்கிரலாம்' என்று எந்த இளவட்டமாவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கடல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அரிசி மூட்டைக்கும் கடத்தல் மூட்டைக்கும் கடற்படை வித்தியாசம் பார்க்காது.

பணமாக அனுப்புங்கள். மன்னார்க் கடையில் வாங்கினால் வெள்ளத்தில் நொடித்துப்போன அந்தக் கடைக்காரரும் எழுந்து நிற்பார். மறைமாவட்டம் வழியாகக் கேட்டால் வழி கிடைக்கும். கரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி அமைப்புக்கு மன்னாரில் 'வாழ்வுதயம்' என்ற கிளை இருக்கிறது. டிரஸ்ட் பெயரில் அனுப்புவதென்றால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள். வெளிநாட்டில் செலவாகிற தொகைக்கு வருமானவரிச் சலுகை லேசில் கிடைக்காது.

ஸ்டிக்கரும் ஜெபப் புத்தகமும் வைக்கவே கூடாது. மன்னாரில் மாதா கோயிலும் உண்டு, திருக்கேதீச்சரம் சிவன் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. 1990-ல் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகு திரும்பி வந்து மறுபடி வீடு கட்டிய முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பசியில் கை நீட்டுகிறவர் கையில் அரிசியோடு சேர்த்து நம் ஜெபத்தையும் திணித்தால், அவர் அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அந்த நிலைமையில் ஒருவரை நிறுத்தலாமா? உங்களைக் கொடுக்கவைத்தது விசுவாசம்தான், எனக்குத் தெரியும். அது உங்களோடு இருக்கட்டும். கீழக்கரையில் ஒரு ஜமாஅத் இதே வேலையைச் செய்தாலும் இதைத்தான் சொல்வேன்.

என்ன தேவை என்று யாரைக் கேட்பது? தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினால் இலங்கை அகதிகள் இருக்கிற மண்டபம் முகாம். அங்கே இருக்கிறவர்களில் பலருக்கு மன்னார்தான் ஊர். 2022-ல் பட்டினி தாங்காமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களும் அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார்கள். அந்த ஊரோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள். மூட்டை கட்டுவதற்கு முன்னால் நாலு பேர் போய் அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். கிணறு இறைக்க மோட்டார் என்பார்கள், பிள்ளைகளுக்கு நோட்டு என்பார்கள். கட்டாயம் வலை என்பார்கள்.

வலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. மன்னார், யாழ்ப்பாணத்துச் சின்ன மீனவர்களுக்கு நம்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலை போட்டு வருகிற இரவுகளில் அவர்கள் வலை விரிக்கவே பயப்படுகிறார்கள். விரித்தால் காலையில் அறுந்த துண்டுதான் மிஞ்சும். கடன் வாங்கிப் போட்ட வலை. 2017-லேயே அவர்கள் நாட்டில் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் விசைப்படகுத் தொழிலாளிக்கும் வயிறு உண்டு, கடன் உண்டு, இந்தப் பக்கம் மீன் அற்றுப்போன கதையும் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பங்கு காசு சேர்த்து வாங்கிக் கொடுக்கிற வலையை, உங்கள் பங்குக்காரர் படகே போய் அறுத்துவிட்டு வரலாம் அல்லவா?

வருகிற ஞாயிறு திருப்பலி முடிந்ததும், அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற அதே கோயில் திண்ணையில் விசைப்படகுக்காரர்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் உட்காரவைத்து இதைப் பேசுங்கள். பங்குத்தந்தையும் கூட இருக்கட்டும்.