கைதான காவலரைக் ‘கொலைகாரன்’ என்று எழுதலாமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்குப் பக்கத்து ஊருங்க. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் தலைமைக் காவலர். திருட்டு விசாரணைக்கு என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போன ஒருவர் இறந்துபோனதில், கொலை வழக்கில் இவரும் கைதாகி, இப்போது ஜாமீனில் ஊருக்கு வந்திருக்கிறார். இறந்தவருடைய மனைவியும் எங்கள் ஊரில் பிறந்த பெண்தான். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். ‘கொலைகாரன்’ என்று போட்டோவோடு போடுகிறார்கள். ‘தீர்ப்பு வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது’ என்று இன்னொரு கூட்டம் சண்டைக்கு வருகிறது. கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அவர் வீட்டில் வரி வாங்க வேண்டாம் என்றும் பேச்சு. பெரியவர்கள் சிலர் ரெண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? நான் என்ன செய்யட்டுங்க?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கொலைகாரன்’ என்று எழுதக் கூடாது. யாரும் பேசவே கூடாது என்பதும் சரியில்லை. வரி வாங்காமல் விடுவது அநியாயம். பேசி முடிப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதற்கு முன்நின்றவர்கள் மேல் தனி வழக்கே வரலாம்.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்ற வாசகம் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் அதே சொற்களில் இல்லை. உயிர், உடல் சுதந்திரத்துக்கான 21-வது பிரிவிலிருந்து நீதிமன்றங்கள் அதை வளர்த்தெடுத்திருக்கின்றன. சாட்சியச் சட்டமும் அதையே சொல்கிறது: யார் ஒரு விஷயத்தைச் சொல்கிறாரோ, நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் இது 104-வது பிரிவு. சாட்சியங்களைப் பார்த்து இரண்டு விதமான முடிவுக்கு வர இடமிருந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முடிவையே எடுக்க வேண்டும் என்று 1973-ல் காளிராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோழி திருடியதாகப் பிடிபட்டவருக்கும் இதுதான், கொலை வழக்கில் நிற்கும் போலீஸ்காரருக்கும் இதுதான். காக்கி போட்டவர் என்பதற்காக இந்த உரிமை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

உங்கள் குழுவில் ‘அவரே ஒத்துக்கிட்டாராம்’ என்று யாராவது போட்டிருப்பார்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. அந்த வாக்குமூலத்தின் வழியாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் ஏற்கப்படும். 1872-ல் வந்த பழைய சாட்சியச் சட்டத்திலேயே இந்த விதி உண்டு. அடித்து உதைத்து ஒப்புக்கொள்ள வைப்பார்கள் என்ற பயம்தான் அதற்குக் காரணம். லத்தியிலிருந்து சாமானியரைக் காக்க வந்த அந்த விதி, இன்றைக்குக் கைதான தலைமைக் காவலரையும் காக்கிறது.

ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். சீருடை இல்லாமல், சாதாரணச் சட்டையில், இரண்டு பக்கமும் காவலர்கள் நிற்க அவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) தலையை நிமிர்த்திப் பார்த்துக் கேட்பார்: “போலீஸ்ல அடிச்சாங்களா? ஏதாவது தொந்தரவு செஞ்சாங்களா? எதுக்காகக் கைது பண்ணினாங்கன்னு சொன்னாங்களா?” கொலை வழக்கில் வந்த காவலரிடமும் இதே கேள்விதான். பதிலை எழுதிய பிறகே காவலில் வைக்கும் உத்தரவு. இத்தனை வருடம் குற்றவாளி என்று நினைத்தவர்களைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றவர், அன்றைக்கு அந்தக் கேள்வியின் அருமையை உணர்ந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். இறந்துபோனவருக்கு நடுவர் முன்னால் போய் நின்று இதற்குப் பதில் சொல்லக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சரி, நிரபராதி என்று கொள்ள வேண்டும் என்றால் ஏன் கைது, ஏன் சஸ்பெண்ட் என்று அந்த வீட்டில் கேட்பார்கள். இந்த உரிமை தீர்ப்புக்கானது. புகாரைப் பதிவு செய்வதையோ, விசாரிப்பதையோ, கைதையோ, துறை நடவடிக்கையையோ அது தடுக்காது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே அரசு ஊழியர் பணியிடை நீக்கத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுவார். அது தண்டனை கிடையாது. சம்பளத்தில் பாதி அளவுக்குப் பிழைப்பூதியம் கிடைக்கும். ‘கொலை பண்ணிட்டு சம்பளம் வாங்குறான்’ என்று குழுவில் கோபப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்தப் பணம் அவருடைய பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

துறை விசாரணை தனிப் பாதையில் போகும். போலீஸ்காரர்கள் ‘3(பி) சார்ஜ்’ என்பார்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு விதிகளில், பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு அது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் அவ்வளவு கறாரான அளவுகோல் இல்லை. அதனால் கோர்ட்டில் விடுதலையானாலும் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று அவர் வீட்டார் நம்பியிருக்க வேண்டாம். தமிழ்நாட்டுத் தலைமைக் காவலர் ஒருவரின் வழக்கிலேயே 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சந்தேகத்தின் பலனால் கிடைத்த விடுதலை வேறு, குற்றமே செய்யவில்லை என்று கிடைக்கும் கண்ணியமான விடுதலை வேறு என்றது. தண்டனை உறுதியானால் தனியாகத் துறை விசாரணை நடத்தாமலே பணிநீக்கம் செய்ய அரசியலமைப்பின் 311-வது பிரிவு இடம் கொடுக்கிறது.

ஜாமீனும் விடுதலை அல்ல. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை தானாக வந்துவிடும். ‘வெளியே வந்துட்டார், அப்போ ஒண்ணுமில்லை’ என்பதும் தப்பு. ‘ஆள் பலத்தால வந்துட்டார்’ என்பதும் விவரம் தெரியாமல் சொல்வது.

இனி இறந்தவர் பக்கம். இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு என்பது சாதாரண வழக்கில் நியாயமாக வேலை செய்கிறது. ஸ்டேஷனுக்குள் நடந்த சாவில், பார்த்தவர்கள் போலீஸார், பொது நாட்குறிப்பு எழுதியவர்கள் போலீஸார், கேமரா இருக்கும் அறையின் சாவியும் அவர்கள் கையில். இதை உச்ச நீதிமன்றமே 1995-ல், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஷியாம்சுந்தர் திரிவேதி வழக்கில் வெளிப்படையாகச் சொன்னது. காவல் சித்திரவதைக்கு நேரடிச் சாட்சி கிடைப்பது அபூர்வம், சக காவலர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், நடைமுறை நிலவரத்தைக் கணக்கில் எடுக்காமல் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு’ என்பதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டால் நீதி தவறிப்போகும் என்றது. காவலில் இருக்கும்போது காயம் ஏற்பட்டிருந்தால் அதைப் போலீஸார் ஏற்படுத்தியதாக அனுமானிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1985-லேயே பரிந்துரைத்தது. 2017-லும் அதையே சொன்னது. இன்னும் சட்டமாகவில்லை. ஆகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி வந்தாலும் நிரபராதி என்ற உரிமை பறிபோய்விடாது. உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே தரப்பு அதைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை இறந்தவரின் மனைவிக்குச் சட்டம் என்ன தருகிறது? காவலில் சாவு என்றால் போலீஸ் விசாரணையோடு நடுவர் விசாரணையும் கட்டாயம். இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 196-வது பிரிவு. அந்த விசாரணையில் உறவினர் உட்கார்ந்து கவனிக்க உரிமை உண்டு. ‘அம்மிணி, நீ போய் என்ன பண்ணப்போற, வக்கீல் பார்த்துக்குவார்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அவர் போக வேண்டும். ஜாமீன் மனு வந்தாலும் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு வக்கீலுக்கு உதவியாகத் தன் வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது சிசிடிவி. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காலம் போனால் ‘அழிந்துவிட்டது’ என்ற பதில்தான் வரும். சம்பவத் தேதியைக் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தலைமைக் காவலர் அன்றைக்கு உண்மையிலேயே அந்த அறைக்குள் போகவில்லை என்றால், அவரைக் காப்பாற்றப்போவதும் இதே பதிவுதான். இரண்டு குடும்பமும் சேர்ந்து கேட்க வேண்டிய ஒரே ஆவணம் அது.

போலீஸ் மீது குற்றம் சாட்டினால் வழக்கு நிற்காது என்று உங்கள் ஊரில் சலிப்பாகப் பேசுகிறவர்கள் வாச்சாத்தியை மறந்திருப்பார்கள். தருமபுரி மாவட்டத்தில் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது; அதில் 84 பேர் போலீஸார். 2023-ல் உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். நிரபராதி என்ற உரிமை அந்த 215 பேருக்கும் தீர்ப்பு நாள்வரை முழுசாக இருந்தது. அதை உடைத்தது, பின்வாங்காமல் நின்ற அந்தப் பெண்களின் சாட்சியம். மீதி 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 19 வருடம் இழுத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் நியாயம் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் விடை இல்லை.

அதனால்தான் பேசி முடிப்பது வேண்டாம் என்கிறேன். கொலை வழக்கு சமாதானமாகக்கூடிய வழக்கு அல்ல. பணம் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றி முடித்தாலும் கோர்ட்டில் வழக்கு அப்படியே நிற்கும். சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைக்கப் பார்த்தால் ஏழு வருடம்வரை சிறை. காவலருடைய ஜாமீனும் ரத்தாகலாம். நல்ல மனசோடு நடுவில் நிற்கிற பெரியவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். குழுவில் எழுத வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் குழு. ‘கொலை வழக்கில் கைதாகி ஜாமீனில் இருக்கிறார்’ என்று எழுதலாம், அது உண்மை. ‘விசாரணை முறையாக நடக்க வேண்டும், சிபிசிஐடி விசாரிக்க வேண்டும், கேமரா பதிவு எங்கே’ என்று எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கேட்கலாம். அரசு ஊழியரின் பணி நடத்தையை நல்லெண்ணத்தோடு விமர்சிப்பதும், நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடி வெளியிடுவதும் அவதூறு ஆகாது. ‘கொலைகாரன்’ என்றால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறீர்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு வருடம்வரை சிறை உண்டு. அட்மின் என்பதற்காக மட்டும், மற்றவர் போட்ட பதிவுக்கு உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. ‘கரூர் லாயர்ஸ்’ என்ற வாட்ஸ்அப் குழுவின் அட்மின் தொடர்ந்த வழக்கில் 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படித்தான் சொன்னது. ஆனால் நீங்களே எழுதினாலோ, ஃபார்வேர்டு செய்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. போட்டோவை நீக்குங்கள், பிள்ளைகளின் படம் இருந்தால் முதலில் அதை. இறந்தவரின் உடல் படத்தையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணும் அதே குழுவில்தானே இருப்பார்.

கோயில் வரியைப் பொறுத்தவரை, அவருடைய அம்மாவோ மனைவியோ எந்த எப்.ஐ.ஆரிலும் இல்லை. வரி வாங்குங்கள், ரசீது கொடுங்கள். நாளைக்கே தண்டனை வந்தாலும் அவர்களிடம் வரி வாங்குங்கள்.

காவலரின் வீட்டார் எப்படியும் ஒரு வக்கீலைப் பிடித்திருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த வசதி இருக்குமா என்பது சந்தேகம். ஈரோடு நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் விவரம் கிடைக்கும். இழப்பீடு கேட்கத் தீர்ப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. காவல் மரணத்தில் அரசே இழப்பீடு தர வேண்டும் என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் நீலாவதி பெஹரா வழக்கில் சொல்லியாயிற்று. போகும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல், எப்.ஐ.ஆர் நகல், கணவரைக் கூட்டிப்போன அன்றைக்கு வந்த போன் அழைப்புகளின் விவரம், மூன்றையும் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். துணைக்கு ஊரிலிருந்து ஒரு பெண் கூடப் போனால் நல்லது.