துணிக்கடை பொம்மையைக் காதலிப்பவனைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். எந்தப் படங்களைப் பார்க்கலாம், பொம்மையை எப்படிப் படமாக்குவது?

கேமரா, லைட் பேச்செல்லாம் அப்புறம். முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் கதையில் பொம்மை கடைசிவரை பொம்மையாகவே இருக்குமா, அவன் கண்ணுக்கு மட்டும் பெண்ணாக மாறுமா? இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு வழியில்தான் போயிருக்கின்றன.

மாறுகிற வகைக்கு 1962-இல் வந்த சுவீடன் படம் 'வாக்ஸ்டாக்கன்' நல்ல உதாரணம். பெரிய கடையின் இரவுக் காவலாளி ஒரு பொம்மையைத் திருடித் தன் வாடகை அறைக்குக் கொண்டுபோகிறான், அங்கே அது அவனிடம் பேசத் தொடங்குகிறது. தமிழில் ராதா மோகனின் 'பொம்மை' (2023) இதே வழி. பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் எஸ்.ஜே. சூர்யாவின் பார்வையில் அது பிரியா பவானி சங்கராகிவிடுகிறது.

மாறாத வகைதான் கடினம், ஆனால் மனதில் நிற்பதும் அதுதான். ஸ்பெயின் இயக்குநர் லூயிஸ் புனுவெல் மெக்சிகோவில் எடுத்த 'என்சாயோ தே உன் கிரிமென்' (1955) படத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆர்ச்சிபால்டோ என்ற குயவன், லவீனியா என்ற பெண்ணின் அச்சில் செய்த மெழுகுப் பொம்மையை வீட்டில் வைத்திருக்கிறான். அவளைக் கொல்லத் திட்டமிட்டது நடக்காமல் போக, பொம்மையைச் சூளைக்கு இழுத்துப் போகிறான். வழியில் ஒரு கால் கழன்று விழுகிறது. கழன்ற அந்தக் கால் 'இது வெறும் பொருள்' என்று நமக்குச் சொல்கிறது, அவன் வெறியோ கொஞ்சமும் குறையவில்லை. இரண்டையும் ஒரே ஷாட்டில் பார்க்கிறோம். பொம்மைக்கு உயிர் கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது. இன்னொரு ஸ்பெயின் இயக்குநர் பெர்லாங்கா, பிரெஞ்சு நடிகர் மிஷேல் பிக்கோலியை வைத்து எடுத்த 'தமான்யோ நாதுரால்' (1974) அடுத்தது. பல் மருத்துவர் ஒருவர் ஆளுயரப் பொம்மையோடு குடித்தனம் நடத்துகிறார். சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகே அது ஸ்பெயினில் திரைக்கு வந்தது.

இவற்றில் பொம்மை எதுவும் செய்வதில்லை. வேலை முழுவதும் பார்ப்பவன் முகத்திலும் எடிட்டிங்கிலும் நடக்கிறது. ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனையில் ஒரே முகத்தைச் சூப், சவப்பெட்டி, பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டியபோது பார்ப்பவர்கள் வெவ்வேறு உணர்ச்சியைக் கண்டார்கள் அல்லவா, பொம்மை முகம் அதற்கென்றே செய்த முகம். ஆகவே அவன் குளோசப்பும் பொம்மையின் குளோசப்பும் ஒரே லென்ஸ், ஒரே உயரம், ஒரே அளவில் இருக்கட்டும். பொம்மையை மட்டும் அகல லென்ஸில் எடுத்தால் உடனே அது அறைச் சாமானாகிவிடும்.

இனி பொம்மை. கடைகளில் இருப்பது பெரும்பாலும் பைபர் (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது). இடுப்பில் இரண்டாகப் பிரியும். கைகள் தோளிலும், உள்ளங்கைகள் மணிக்கட்டிலும், ஒரு கால் தொடையிலும் கழலும். பெண் பொம்மையே பெரும்பாலும் 5 அடி 9 அங்குலத்துக்குக் குறையாது. உங்கள் நடிகர் 5 அடி 6 என்றால் நெருக்கமான ஷாட்டில் அவர் அண்ணாந்து பார்ப்பார். அதுதான் வேண்டும் என்றால் சரி, இல்லையென்றால் அவரைப் பலகை மேல் நிறுத்துங்கள். பல பொம்மைகளின் பாதம் ஹீல்ஸுக்கு வார்த்தது. செருப்பில்லாமல் நிறுத்தினால் பின்னால் சாயும். கம்பியும் தட்டும் இல்லாமல் எதுவும் நிற்காது, எனவே முழு உருவ ஷாட்டில் தட்டை மறைக்க வழி யோசித்து வையுங்கள்.

எடைதான் அடிக்கடி காட்டிக்கொடுக்கும். உள்ளே வெற்றுக்கூடு என்பதால் நடிகர் ஒரே மூச்சில் தூக்கிவிடுவார், காதல் காட்சி அங்கேயே கெடும். இடுப்பைக் கழற்றி உடற்பகுதிக்குள் 10 கிலோ மணல் மூட்டையைத் துணி சுற்றித் திணியுங்கள். பிறகு தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கொக்கி பிய்ந்துவிடும். முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

பளபளப்பு அடுத்த தலைவலி. ஒவ்வொரு லைட்டும் நெற்றியில் வெள்ளைப் பொட்டாக விழும். லைட்டின் முன் 4 அடிச் சட்டத்தில் வெள்ளைத் துணி கட்டி, பொம்மைக்கு எவ்வளவு அருகே வைக்க முடியுமோ வையுங்கள். லென்ஸில் மாட்டும் போலரைசர் பில்டர் மீதிப் பளபளப்பை வெட்டும், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). மேட் ஸ்பிரேயைப் பின்கழுத்தில் சோதித்த பிறகே முகத்தில் அடியுங்கள், சில பெயின்டை உரித்துவிடும். பின்னாலிருந்து பலமான லைட் வேண்டாம்: மனிதக் காது அந்த ஒளியில் சிவக்கும், பைபர் காது சிவக்காது.

வரைந்த கண்ணில் ஒளிப்புள்ளி இருக்காது. கிளிசரினை ஒரு துளி தடவி, லென்ஸுக்குப் பக்கத்தில் சின்ன லைட் வைத்தால் போதும். எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பொம்மைகளின் பார்வை சற்றே விலகி எங்கோ போகும்படி வரையப்பட்டிருக்கும். நடிகரை அந்தப் பார்வைக்கோட்டில் நிறுத்துங்கள், பொம்மையைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். முகபாவம் மாற வேண்டுமென்றால் ஜப்பானிய நோ நாடகத்தைப் பின்பற்றலாம். அங்கே முகமூடியை லேசாக மேலே தூக்கினால் மலர்ச்சி, தாழ்த்தினால் சோகம். தலை அசையாத பொம்மைக்குக் கேமரா உயரத்தை மாற்றுங்கள்.

நடிகையே பொம்மையாக நிற்கிறார் என்றால், பாதி மூச்சை விட்டுவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஷாட் 8 விநாடியைத் தாண்ட வேண்டாம். கழுத்தில் துடிக்கும் நாடியை உயரமான காலர் மறைக்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஒரு முடி அசைந்தாலும் போச்சு. எடிட்டிங்கில் பிரேமை உறைய வைத்தால் படத்தின் நுண்புள்ளிகளும் உறைந்து பொய் தெரிந்துவிடும், மேலே அசையும் நுண்புள்ளிகளை (grain) சேர்த்தாக வேண்டும். இன்னொரு விதி: மூன்றாம் ஆள் பார்க்கும் ஷாட்டில் அது எப்போதும் பொம்மைதான். இதை ஒருமுறை மீறினாலும் கதை பேய்க்கதையாகிவிடும்.

ரத்தம் சிந்தும் பக்கம் போவதென்றால் வில்லியம் லஸ்டிக்கின் 'மேனியாக்' (1980) இருக்கிறது. கொன்ற பெண்களின் தலைத்தோலைப் பொம்மைகளில் ஆணியடித்து வைத்து அவற்றோடு பேசுபவனின் கதை. குறும்படத்துக்கு அதைவிடக் கனடாவின் 'பின்' (1988) உதவும். மருத்துவ மாதிரி உருவத்துக்கு ஒரு குரல் மட்டும் கொடுத்தே முழுப் படத்தையும் நடத்துகிறார்கள். செலவும் குறைவு.

எரிக்கும் காட்சி வைப்பதாக இருந்தால் பைபரை எரிக்காதீர்கள். அதில் இருப்பது ரெசின், நச்சுப்புகை வரும், மூடிய அறையில் ஆபத்து. புனுவெல் உருக்கியது மெழுகு. நீங்களும் கம்பிக் கூட்டின் மேல் மெழுகு முகம் ஒன்றைத் தனியாக வார்த்து, திறந்த வெளியில், தீயணைப்பானும் ஈர மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். ஒரு முகம் ஒரு டேக்குக்குத்தான் வரும். குறைந்தது மூன்று வார்த்து வையுங்கள்.