சுயசான்று அனுமதி: முதலில் மனையின் அங்கீகாரத்தைப் பாருங்கள்

1,200 சதுர அடி மனையில் தரைத்தளமும் முதல் மாடியுமாக 2,200 சதுர அடி கட்ட, 'பிளான் அப்ரூவலுக்கு ஆள் வைத்தால்தான் நடக்கும்' என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார், அது உண்மையா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆள் வைக்கத் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் (விவரங்கள் சரி என்று உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் முறை) உங்களைப் போன்றவர்களுக்கானதுதான். மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடிக்குள், அதிகபட்சம் ஒரு மாடி இருந்தால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது, பணி நிறைவுச் சான்றும் வேண்டாம்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'பட்டா இருக்கிறது' என்கிறீர்கள். மனைப்பிரிவுக்கு (லே-அவுட்) அங்கீகாரம் உண்டா என்று எழுதவில்லை. பட்டா உரிமையைக் காட்டும், மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் இல்லையென்றால், மனை 20.10.2016-க்கு முன் பதிவானதா என்று பத்திரத்தில் பாருங்கள். ஆம் என்றால் முதலில் வரன்முறைப்படுத்துங்கள் (அங்கீகாரமில்லாத மனையை விண்ணப்பித்து முறைப்படுத்துவது), பிறகுதான் கட்டட வரைபடம். கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிடுங்கள்.

நாடாவை வைத்து மனையின் நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தோடும் புலப்படத்தோடும் (நில அளவை வரைபடம்) ஒப்பிடுங்கள். அளவு குறைந்தால், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய பக்க இடைவெளிதான் முதலில் அடிபடும். சான்றளிப்பது நீங்கள் என்பதால் தவறான விவரத்துக்கும் நீங்களே பொறுப்பு, அனுமதி ரத்தாகலாம். வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் வரைபடத்தை மீறி ஓர் அறைகூடச் சேர்க்காதீர்கள். இரண்டாம் மாடி எண்ணம் இருந்தால் இப்போதே வழக்கமான முறையில் விண்ணப்பிப்பது நல்லது.