கிராஷ் சத்தத்துக்காகப் பெரிய டிரம் மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு செய்கிறேன். ஈஸிடிரம்மர் 3 என்ற டிரம் மென்பொருள் வைத்திருக்கிறேன், ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடுகிறது. கோரஸில் கிராஷ் என்ற சிம்பலின் (உலோகத் தட்டின்) சத்தம் போதவில்லை என்று, ஓவர்ஹெட் மைக்கின் ஒலியளவை மாற்றும் ஃபேடரை ஏற்றினால் ஸ்நேர் டிரம்மும் கூடவே ஏறிவிடுகிறது. மிக்ஸரில் கிராஷுக்கென்று தனி ஃபேடரே காணோம். பெரிய மென்பொருளான சுப்பீரியர் டிரம்மர் 3 வாங்கினால்தான் சிம்பல்களைத் தனியாகப் பிரிக்க முடியும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பதை வைத்தே இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

கிராஷுக்குத் தனி ஃபேடர் இல்லாதது மென்பொருளின் குறை அல்ல. ஸ்டுடியோவில் டிரம்ஸ் பதிவாகும் முறையே அப்படித்தான். கிக், ஸ்நேர், டாம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே மைக் வைப்பார்கள். ஹை-ஹேட் என்ற ஜோடி சிம்பலுக்கும் பெரும்பாலும் ஒன்று உண்டு, ரைடு சிம்பலுக்குச் சில நேரம். கிராஷ், சைனா, ஸ்ப்ளாஷ் என்ற மற்ற சிம்பல்கள் எல்லாம் தலைக்கு மேலே நிற்கும் இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளில்தான் விழும். அதே மைக்குகளில் ஸ்நேரும் டாமும் பலமாகக் கேட்கும். உங்கள் ஈஸிடிரம்மர் 3-இன் அடிப்படை ஒலித்தொகுப்பு பெர்லினில் உள்ள ஹான்சா ஸ்டுடியோவில் எடுத்தது. நிஜ அறை, நிஜ மைக்குகள். அதில் ஓவர்ஹெட்டை ஏற்றினால் மொத்த செட்டும்தான் ஏறும்.

அதனால் மிக்ஸரை விட்டுவிட்டு, முதலில் மிடியை, அதாவது எந்த நோட்டு எப்போது, எவ்வளவு ஓங்கி என்று குறித்துவைத்திருக்கும் தரவைப் பாருங்கள். கிராஷ் நோட்டின் வெலாசிட்டி (அடியின் வேகத்தைச் சொல்லும் எண்) 80-இல் கிடந்தால் அது மெதுவாக அடித்த கிராஷின் பதிவு. 115-க்கு ஏற்றினால் சத்தம் மட்டும் கூடாது, ஓங்கி அடித்த வேறொரு பதிவே ஒலிக்கும். அதுவும் போதவில்லையா? டிரம் செட்டின் படம் தெரியும் பக்கத்தில் அந்த கிராஷைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டுமான ஒலியளவுக் குமிழை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். ஓவர்ஹெட், ரூம் என்று எல்லா மைக்கிலும் அந்த ஒரு கிராஷ் மட்டும் ஏறும், ஸ்நேர் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தக் குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பெரிய மென்பொருள் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

சத்தத்தோடு நிற்காமல் சிம்பல்களுக்கென்று தனி ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), தனி கம்ப்ரஸர் (பலத்த சத்தத்தை அமுக்குவது) வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ரீப்பரில் டிரம் ட்ராக்கை அப்படியே நகலெடுங்கள், பிளக்-இன்னும், அதாவது அதற்குள் ஓடும் ஈஸிடிரம்மரும், சேர்ந்தே நகலாகும். முதல் ட்ராக்கில் கிராஷ், ரைடு நோட்டுகளை அழித்துவிடுங்கள். இரண்டாவதில் அவற்றை மட்டும் வைத்து மற்றதை அழியுங்கள். ஜெனரல் மிடி என்ற பொதுவான நோட்டு எண் கணக்கில் 49-ம் 57-ம் கிராஷ், 51-ம் 59-ம் ரைடு, 53 ரைடின் மணிப்பகுதி, 52 சைனா, 55 ஸ்ப்ளாஷ். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் இதற்கு மேல் சொந்தமாகச் சில எண்களை வைத்திருக்கும். ஒரு தடவை தட்டிப்பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கிராஷைக் கையால் பிடித்து நிறுத்தும் சோக் வாசித்திருந்தால் அதையும் இரண்டாவது ட்ராக்குக்கு மறக்காமல் கொண்டுபோக வேண்டும். எலக்ட்ரானிக் டிரம் செட்டில் வாசித்தது என்றால் சோக் பெரும்பாலும் நோட்டாக வராது, ஆஃப்டர்டச் என்ற தனி மிடி செய்தியாக வரும். நோட்டுகளை மட்டும் பார்த்து அழிப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும். அப்புறம் நிறுத்த வேண்டிய கிராஷ் நாலு பார் வரைக்கும் இழுத்துக்கொண்டே போகும்.

ஹை-ஹேட்டை நான் பிரிக்க மாட்டேன். அதற்குத்தான் ஏற்கெனவே தனி மைக் இருக்கிறதே. தவிர, ஸ்நேரும் ஹை-ஹேட்டும் ஒரே அறையில் ஒலிப்பது போல் இருந்தால்தான் தாளம் உட்காரும்.

இப்போது சிம்பல் ட்ராக்கில் ஸ்நேரின் உடம்பு கிடையாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தயங்காமல் வெட்டலாம், பாட்டு நெருக்கமாக இருந்தால் 500 வரைக்கும்கூடப் போகலாம். இதையே முழு ஓவர்ஹெட்டில் செய்திருந்தால் ஸ்நேர் மெலிந்து போயிருக்கும். காதைக் குத்தும் பகுதி பெரும்பாலும் 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே குறுகலாக இரண்டு டெசிபல் குறைத்துப் பாருங்கள். பளபளப்பு வேண்டும் என்று 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றுவதைவிட, குத்துவதைக் குறைப்பது நல்லது. பாடகரின் ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் உயர் அலைவரிசையில்தான் இருக்கின்றன. பேனிங்கை (இடது-வலது அமைப்பை) தொடாதீர்கள். ஓவர்ஹெட் ஜோடியிலேயே எந்த சிம்பல் எந்தப் பக்கம் என்பது பதிவாகியிருக்கிறது.

இதில் நஷ்டமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். முன்பு கிக் அடிக்கும்போது ரூம் மைக்கின் கம்ப்ரஸர் சிம்பல்களையும் சேர்த்து அமுக்கும். அந்த மூச்சிரைப்புதான் ராக் டிரம்ஸின் ருசி. பிரித்த பிறகு இரண்டு கம்ப்ரஸரும் தனித்தனியே வேலை செய்யும், அந்த ஒட்டுதல் போய்விடும். இரண்டு ட்ராக்குகளையும் ஒரே பஸ்ஸுக்கு (பொதுத் தடத்துக்கு) அனுப்பி அங்கே லேசாக ஒரு கம்ப்ரஸர் போட்டால் ஓரளவு திரும்பக் கிடைக்கும். பிளக்-இன்னுக்குள் இருக்கும் மிக்ஸ் பிரீசெட்டுகள் (ஆயத்த அமைப்புகள்) ஏற்கெனவே நிறைய அமுக்கிவைத்தவை. சிம்பல் நகலுக்கு அவற்றில் எளிமையான ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே செட் இரண்டு தடவை ஏறுவதால் ராமும் கூடுதலாகப் பிடிக்கும்.

சரி, சுப்பீரியர் டிரம்மர் 3 யாருக்கு? ஒவ்வொரு மைக்கிலும் எந்த வாத்தியம் எவ்வளவு கசிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவு செய்ய நினைப்பவருக்கு. ஓவர்ஹெட்டில் ஸ்நேரின் கசிவை மட்டும் பாதியாகக் குறைக்கலாம், டாமை முழுக்க எடுத்துவிடலாம். நகல் ட்ராக் வித்தையே தேவைப்படாது. ஒலிகளை பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்திருக்கிறார், தரத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் முழுத்தொகுப்பு 230 ஜிபிக்கு மேல். பகுதி பகுதியாக நிறுவலாம் என்றாலும், மடிக்கணினியில் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. மட்டும் இருந்தால் வெளி டிரைவ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் ஈஸிடிரம்மருக்காக வாங்கிய ஈ.இசட்.எக்ஸ். என்ற கூடுதல் ஒலித்தொகுப்புகள் சுப்பீரியரிலும் திறக்கும், ஆனால் சுப்பீரியருக்கான எஸ்.டி.எக்ஸ். தொகுப்புகள் ஈஸிடிரம்மரில் திறக்காது. ஈ.இசட்.எக்ஸ். ஒன்றைச் சுப்பீரியரில் திறந்துவிட்டதால் அந்தத் தொகுப்பில் இல்லாத மைக் புதிதாக முளைக்காது. உங்களுக்குப் பிடித்த ஒலி ஒரு ஈ.இசட்.எக்ஸ்.ஸில் இருக்கிறது என்றால், மேம்படுத்துவதில் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். ஈஸிடிரம்மர் வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை விலை உண்டு. தவிர, நவம்பர் கடைசியில் இந்தத் துறையே தள்ளுபடியில் மூழ்கிக் கிடக்கும்.

கேள்வி: பல வெளியீடு (ஒவ்வொரு சேனலும் தனித் தடமாக வெளியே வருவது) உண்டு என்று போட்டிருந்ததால் ஒரு டிரம் பிளக்-இன் வாங்கினேன். எல்லாம் ஒரே ட்ராக்கில்தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா? நான் பயன்படுத்தும் ரெக்கார்டிங் மென்பொருள் கராஜ்பேண்ட்.

பதில்: ஏமாற்றவில்லை. கராஜ்பேண்டில் ஒரு வாத்திய பிளக்-இன்னின் பல வெளியீடுகளைப் பிரித்து எடுக்க வழி கிடையாது. லாஜிக் ப்ரோவில் முடியும்: பிளக்-இன்னை ஏற்றும்போதே மல்டி-அவுட்புட் வகையைத் தேர்ந்தெடுத்து, மிக்ஸரில் அந்தச் சேனலின் கீழுள்ள கூட்டல் குறியை அழுத்த அழுத்தத் தடங்கள் வரும். ஏபிள்டன் லைவில் ஆடியோ ட்ராக் உருவாக்கி, அதன் உள்ளீடாக அந்த பிளக்-இன்னைக் காட்ட வேண்டும். ரீப்பரில் மெய்நிகர் வாத்தியத்துக்கான புது ட்ராக்கைச் சேர்த்தால், பல வெளியீடுகளுக்கு ட்ராக் போடட்டுமா என்று அதுவே கேட்கும். எங்கே செய்தாலும் பிளக்-இன்னின் சொந்த மிக்ஸரிலும் எந்தச் சேனல் எந்த வெளியீட்டுக்கு என்று மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆனால் இதையெல்லாம் செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பது மைக் வாரியான பிரிவுதான், சிம்பல் வாரியான பிரிவு அல்ல. ஓவர்ஹெட் ஒரே ஸ்டீரியோ தடமாக வரும். லாஜிக் ப்ரோ வாங்கும் எண்ணம் இருந்தால், அதனுடனேயே வரும் புரொட்யூசர் கிட்டுகள் என்ற டிரம் செட்டுகளை முதலில் பாருங்கள். தடங்கள் பிரிந்தே இருக்கும், கசிவை நிறுத்த ஒரு சுவிட்சும் உண்டு. ரீப்பரை 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். தனிநபருக்கான சலுகை உரிமம் 60 டாலர்.

கேள்வி: வெளிநாட்டுத் தளத்தில் டிரம் மென்பொருள் வாங்கப்போனால் வங்கி அட்டை மறுக்கப்படுகிறது. பாதி விலைக்கு சீரியல் எண் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அட்டையில் கோளாறு இருக்காது. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி இந்தியாவில் தரப்படும் புது அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைக்கப்பட்டே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பை வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். டாலர் விலைக்கு மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும், விற்பவரைப் பொறுத்து 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரலாம். ரூபாயில் விற்கும் அங்கீகாரம் பெற்ற கடை இருந்தால் அங்கேயும் விலை கேளுங்கள். சில நேரம் அங்கே மலிவாகவே இருக்கும்.

பாதி விலை சீரியலை வாங்க வேண்டாம். மென்பொருள் உரிமம் கைமாற வேண்டுமானால் தயாரிப்பாளர் அதை அனுமதிக்க வேண்டும், பழைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு அவர்களே மாற்றித்தர வேண்டும். ‘நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள், அப்புறம் பணம் தருகிறேன்’ என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.