தேன் ஆர்டர் தாமதம்: ஒரு தாளில் வரைந்து பாருங்கள்

வணக்கம். மார்த்தாண்டத்தில் தேனைக் குப்பியில் அடைத்து விற்கும் உங்கள் நிறுவனத்தில், ஆர்டர் ஏன் தாமதமாகிறது என்று பேச்செடுத்தாலே ஆளுக்கு ஆள் குறை சொல்கிறார்கள் என்றும், வரைந்து விளக்க உங்களுக்குப் படமே வராது என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டமும் அம்புக்குறியும் போட வந்தால் போதும்.

பெரிய தாள் ஒன்றில், தேன் வந்து இறங்குவது, வடிகட்டுவது, ஈரப்பதம் குறைப்பது, குப்பியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது, லாரியில் ஏற்றுவது என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் வேலை நடக்கும் நேரத்தையும், அம்புக்குறியின்மேல் சரக்கு காத்துக் கிடக்கும் நாட்களையும் எழுதுங்கள். அந்தக் காத்திருப்புதான் முக்கியம். எங்கள் ரப்பர் ஷீட் கிடங்கில், ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வரைந்த பிறகுதான், தரம் பிரிப்பவர் வரும்வரை ஷீட்டுகள் நான்கு நாள் சும்மா கிடப்பது தெரிந்தது.

1854இல் லண்டனில் பரவிய காலராவால் நேர்ந்த இறப்புகளை, மருத்துவர் ஜான் ஸ்னோ தெரு வரைபடத்தில் சிறு கோடுகளாகக் குறித்தார். அவை பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன; நோய் அந்தத் தண்ணீரால் பரவியது என்பதைப் பார்த்தவுடன் புரியவைத்தன. அதுவும் அழகான ஓவியமன்று.

பென்சிலை நீங்களே வைத்துக்கொள்ளாமல், லேபிள் ஒட்டும் பெண்களிடமும் கொடுங்கள்; அவர்கள் கண்ட காத்திருப்பை அவர்களே குறிக்கட்டும். ரப்பர் மரம் தளிர்த்துத் தேன் வரத்து கூடும் பருவத்தில் இன்னொரு தாள் வரையுங்கள். அப்போது தேங்குமிடம் வேறாக இருக்கலாம்.