கண்ணாடிக் கூரைக்குள் கிழங்குப் பூக்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கிரீன்ஹவுஸ் வைத்திருப்பவர்கள், உறைபனி தாங்காத கிழங்குச் செடிகளைத் தொட்டியில் வளர்ப்பது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: அக்கா, நெரைன் சார்னியென்சிஸ் என்ற கிழங்குப் பூச்செடி வைத்து மூன்று வருடம் ஆகிறது. இலை தளதளவென்று வருகிறது, பூ மட்டும் இல்லை. கோடையில்கூட தண்ணீர் தவறியதில்லை.

பதில்: கோடைத் தண்ணீர்தான் கோளாறு. இதற்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. டேபிள் மலையில் இயல்பாக வளர்வது. அங்கே மழை குளிர்காலத்தில்; கோடை காய்ந்து கிடக்கும். மே மாதம் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நல்ல வெயில் படும் தட்டில் தொட்டியை அப்படியே காயவிடுங்கள். இலையுதிர்காலம் தொடங்கும்போது கிழங்கின் கழுத்தில் செம்பழுப்பாக மொட்டு முனை எட்டிப் பார்க்கும். அதைக் கண்ட பிறகு ஊற்றினால் போதும். கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கட்டும். நெருக்கமான தொட்டிதான் இதற்குப் பிடிக்கும்; வருடாவருடம் மாற்றி நடாதீர்கள். தழைச்சத்து உரமும் வேண்டாம், இலைதான் கொழுக்கும்.

கேள்வி: லேச்சனேலியா என்ற கிழங்குப் பூச்செடிக்கு ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்தால் போதும். வெளிச்சம் குறைந்த மாதங்களில் சூடு ஏறினால் செடி நெட்டையாகிச் சாயும். ஆகஸ்ட் கடைசியில் 13 செ.மீ. தொட்டிக்கு ஐந்தாறு கிழங்கு நடுங்கள். இதிலேயே விரிடிஃப்ளோரா என்ற இனம் கிடைத்தால் விடாதீர்கள். மயில் கழுத்து நிறம், அதுவும் குளிர்காலத் தொடக்கத்தில்!

கேள்வி: இலைகளில் சாம்பல் பூசணம். மருந்து அடிக்கலாமா?

பதில்: முதலில் ஜன்னலைத் திறங்கள். வெயில் வரும் நாளில் மதியம் கொஞ்ச நேரமாவது காற்று ஓடட்டும். தண்ணீரைக் காலையிலேயே, இலை நனையாமல் ஊற்றுங்கள். அழுகிய இலையை உடனே கிள்ளி எறியுங்கள்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். கார்த்திகைப்பூ இங்கே வருமா? ஊரிலிருந்து கிழங்கு கொண்டுவரலாமா?

பதில்: தாராளமாக வரும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இதுவேதான். ஆனால் நடுவதற்கான கிழங்கைத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. இங்கேயே கடையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச்சில் கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். நுனியில்தான் முளை வரும் என்பதால் அது ஒடியாமல் பார்க்க வேண்டும். முளைக்க 20 டிகிரி சூடு தேவை. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும். அதனால் மெல்லிய குச்சிகளாக ஊன்றுங்கள். நவம்பரில் பூக்கும் என்று காத்திருக்க வேண்டாம், இங்கே கோடையிலேயே பூத்துவிடும். இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை வீட்டுக்குள் உலர்வாக வையுங்கள். லேச்சனேலியாவுக்குப் போதுமான 5 டிகிரி இதற்குப் போதாது. கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையுறை போடுங்கள், சமையலறைப் பக்கம் கிழங்கை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு வாங்கிய அமரில்லிஸ் பூத்து முடிந்தது. தூக்கிப் போடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையை விட்டுவைத்து, கோடை முழுக்கத் தண்ணீரும் உரமும் கொடுங்கள். அப்புறம் இலையுதிர்காலத்தில் எட்டுப் பத்து வாரம் குளுமையான இடத்தில் ஓய்வு.