வாசிக்க வைப்பது எப்படி? எழுதுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்ததை எழுதினேன். எல்லாரும் 'நல்லாயிருக்கு' என்றதோடு விட்டுவிட்டார்கள். என்ன குறை?

பதில்: 'கண்கொள்ளாக் காட்சி' என்று எழுதியிருக்கிறீர்கள், காட்சியைக் காணவில்லை. கனகராயன் ஆற்றில் தண்ணீர் கூடிக் குளம் ஏறி வான்கதவு திறந்தால், கீழே வயல் செய்தவர் பயிர் மூழ்கிவிடுமோ என்று வரம்பில் நிற்பார், பெடியள் வலையோடு மீனுக்கு ஓடுவார்கள். அந்த இரண்டு பேரையும் ஒரே பத்தியில் கொண்டுவாருங்கள். யாருக்கு என்ன ஆகுமோ என்று வாசிப்பவர் அடுத்த வரிக்குத் தானாக வருவார்.

கேள்வி (முல்லைத்தீவு): எப்படித் தொடங்குவது?

பதில்: யாராவது எதையாவது செய்துகொண்டிருக்கும் இடத்தில். சூரிய உதயம் வேண்டாம்.

கேள்வி (வவுனியா): அண்ணை, உணர்ச்சியைக் குறை என்று எப்போதும் சொல்கிறீர்கள். அப்படி எழுதினால் கிராம அலுவலரின் அறிக்கை மாதிரித்தான் வரும். எங்கட சனம் அழுதது, அதை எழுதக்கூடாதா?

பதில்: எழுதலாம் தங்கச்சி. ஆனால் 'நெஞ்சு வெடித்தது' யார் வீட்டு இழப்புக்கும் பொருந்தும், அதனால்தான் உங்கள் வீட்டு இழப்பாக அது படுவதில்லை. போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய ஒரு அம்மாவை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வீடு இல்லை, சீமெந்து நிலம் மட்டும் கிடக்கிறது. அவர் கூட்டுகிறார், குசினி இருந்த மூலையில் தொடங்கி, குப்பையை வாசல் இருந்த இடத்தால் வெளியே தள்ளுகிறார். சுவரே இல்லை, எந்தப் பக்கத்தாலும் தள்ளலாம். அதற்குப் பிறகு அவர் அழுதால் எழுதுங்கள், ஒரு வரி போதும்.

கேள்வி (மாங்குளம்): வெளியில் இருக்கிறவருக்கு இது விளங்காதே?

பதில்: அவருக்குத் தேவை தகவல். அந்த அம்மா 2009இல் முகாமுக்குப் போனார், முகாம் மூடப்பட்ட 2012 செப்டெம்பரில் திரும்பினார் என்று சொல்லிவிட்டுக் கூட்ட விடுங்கள். அந்த மூன்று வருசம் வெளியில் இருக்கிறவருக்கும் விளங்கும்.

கேள்வி (பரந்தன்): தொடக்கத்தில் ஊர் அழகை இரண்டு பத்தி எழுதலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். உதயம், எழில் கொஞ்சும் ஊர், 'மனித வாழ்க்கை என்பது', இந்த மூன்றிலும் தொடங்காதீர்கள்.

கேள்வி (துணுக்காய்): கதை நீண்டுவிட்டது, எங்கே வெட்டுவது?

பதில்: வாய்விட்டு வாசியுங்கள். எந்த இடத்தில் கெதியாய்க் கடந்துபோக நினைக்கிறீர்களோ, அந்த இடத்தில்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): புத்தகமாகப் போட எவ்வளவு காசு முடியும்?

பதில்: அச்சகத்தில் கேளுங்கள்.

கேள்வி (வவுனியா, மறுபடியும்): அந்த அம்மாவுக்கு ஒரு வரி போதாது அண்ணை.

பதில்: சரி, நீங்கள் நினைக்கிறபடி முழுதாக எழுதி அனுப்புங்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறது.